நேரம் எங்கிருந்து வருகிறது? – பழைய மின் கடிகாரங்களைச் சேகரித்தலும் செப்பனிடுதலும்

பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று இடிக்கப்படும்போதும், முன்னோர் வீடு ஒன்று பாகம் பிரிக்கப்படும்போதும், சுவரிலிருந்து கடைசியாக இறங்கும் பொருள்களுள் ஒன்று கடிகாரம். அதன் முகப்பில் சாவி கொடுக்கும் துளை இல்லை. பின்புறத்தில் நூல் சுற்றிய இரண்டு கம்பிகள் மட்டும் தொங்குகின்றன. அதனைக் கையில் பெற்றவர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார். எடைக்குப் போட்டுவிடுகிறார், அல்லது அக்கம்பிகளில் ஒரு பிளக்கைப் பூட்டிச் சுவரில் செருகிப் பார்க்கிறார், அல்லது உள்ளிருக்கும் இயந்திரத்தை அகற்றிவிட்டுச் சிறிய குவார்ட்ஸ் இயந்திரம் ஒன்றைப் பொருத்துகிறார். மூன்றிலும் கடிகாரம் அழிகிறது. இரண்டாவதில் மனித உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும்.

இவ்வழிவுகளுள் பெரும்பாலானவை ஒரே ஒரு கேள்வியைக் கேளாமையால் விளைபவை. 'இக்கடிகாரம் தன் நேரத்தை எங்கிருந்து பெறுகிறது?' என்பதே அக்கேள்வி. சாவிக் கடிகாரத்தைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு இடமில்லை. ஆற்றலும் நேரமும் அதனுள்ளேயே இருக்கின்றன. மின் கடிகாரத்தில் ஆற்றல் ஓரிடத்திலிருந்தும் நேரம் வேறோர் இடத்திலிருந்தும் வரக்கூடும். அதனை அறிந்தவரே அதனை வாங்கவும் திறக்கவும் தகுதியுடையவர் ஆகிறார். அவ்வறிவை வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

மூன்று குடும்பங்கள்

மின் கடிகாரத்தின் வரலாறு ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. கெய்த்னஸ் பகுதியில் பிறந்து, கடிகாரத் தொழில் பயின்ற அலெக்சாண்டர் பெயின் என்பவர் 1841-இல் மின் கடிகாரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்புகளுள் ஒன்றில் ஊசலின் குண்டே ஒரு கம்பிச்சுருளாக அமைந்து, நிலைக்காந்தங்களின் அருகே ஆடியது. மின்சாரத்தை அவர் மண்ணிலிருந்தே பெற்றார். ஈர நிலத்தில் புதைத்த துத்தநாகத் தகடும் செப்புத் தகடும் அவருக்கு மின்கலமாகப் பயன்பட்டன. வீடுதோறும் மின்சாரம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே மின் கடிகாரம் பிறந்துவிட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பெயினுக்குப் பின் வந்த மின் கடிகாரங்களை நாம் மூன்று குடும்பங்களாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதற்குடும்பம் மின்கலக் கடிகாரம். இதில் நேரத்தைக் காப்பது கடிகாரத்தின் சொந்த ஊசலோ, சமநிலைச் சக்கரமோ ஆகும். மின்கலம் அதற்கு அவ்வப்போது சிறு உந்துதல் மட்டுமே தருகிறது. பிரான்சு நாட்டின் ஃபாவ்ர்-புல் 1920-களில் பரப்பிய 'புல்' கடிகாரத்தில், வளைந்த காந்தத் தண்டு ஒன்றின் மீது கம்பிச்சுருள் ஊசலாக ஆடுகிறது. அதே காலத்தில் லெயோன் ஹாதோ உருவாக்கிய 'ஆதோ' கடிகாரத்தில் இம்முறை தலைகீழாகிறது. காந்தம் ஆட, கம்பிச்சுருள் நிலையாக நிற்கிறது. முதல் உலகப்போருக்கு முன் லண்டனில் செய்யப்பட்ட 'யுரேகா' கடிகாரத்தில் ஊசலே இல்லை. பெரியதொரு சமநிலைச் சக்கரம் கண்ணெதிரே மெல்லச் சுழன்று திரும்புகிறது.

இரண்டாம் குடும்பம் தலைமைக் கடிகாரமும் அதன் துணைக் கடிகாரங்களும். இரயில் நிலையம், தொலைபேசி நிலையம், தொழிற்சாலை, கல்லூரி போன்ற பெரிய கட்டடங்களில் எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டவேண்டிய தேவையிலிருந்து இது தோன்றியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோப்-ஜோன்ஸ் வளர்த்தெடுத்த 'சிங்க்ரனோம்' அமைப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு வினாடிக்கு ஒரு வீச்சாக ஆடும் ஊசல், இரண்டு வினாடிக்கு ஒருமுறை பதினைந்து பற்கள் கொண்ட சக்கரத்தை ஒரு பல் நகர்த்துகிறது. முப்பது வினாடியில் சக்கரம் ஒரு சுற்று முடிகையில் எடையுள்ள கை ஒன்று விடுபட்டு விழுந்து, ஊசலுக்கு உந்துதல் தருகிறது. விழுந்த கை மின்சுற்றை மூட, மின்காந்தம் அதனை மீண்டும் மேலே தூக்கி நிறுத்துகிறது. அந்த ஒரு நொடித் துடிப்பே தொடர்சுற்றில் உள்ள துணைக் கடிகாரங்கள் அனைத்தையும் அரை நிமிடம் முன்னே தள்ளுகிறது. இம்முறையின் உச்சம், இரயில்வேப் பொறியாளரான வில்லியம் ஹாமில்டன் ஷார்ட் உருவாக்கிய இரட்டை ஊசல் கடிகாரம். 1921-இல் எடின்பரோ வானாய்வகத்தில் முதன்முதலாக நிறுவப்பட்ட அது, குவார்ட்ஸ் கடிகாரம் வரும்வரை உலகின் மிகத் துல்லியமான நேரங்காட்டிகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது.

ஆகவே, துணைக் கடிகாரம் ஒன்றனுள் நேரம் என்பதே இல்லை. தனியே கிடைக்கும்போது அது துடிப்புகளை எண்ணும் கருவி மட்டுமே.

மூன்றாம் குடும்பம் ஒத்தியங்கு மோட்டார்க் கடிகாரம். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இதில் ஊசலும் இல்லை, சமநிலைச் சக்கரமும் இல்லை. மாறுதிசை மின்னோட்டம் ஒரு வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அதற்கேற்ப மோட்டார் சுழல்கிறது. பற்சக்கரங்கள் அச்சுழற்சியை முட்களுக்குக் கொண்டுசெல்கின்றன. இதன் நேரம் மின் நிலையத்திலிருந்து வருகிறது.

மின் நிலையமே ஊசல்

மூன்றாம் குடும்பத்தின் கதையில் சுவையான ஒரு திருப்பம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி வாரன் இத்தகைய கடிகாரத்தை உருவாக்கியபோது அது சரியான நேரம் காட்டவில்லை. பிழை கடிகாரத்தில் இல்லை. மின் நிலையத்தின் அதிர்வெண்ணே அலைந்துகொண்டிருந்தது. எனவே அவர் மின் நிலையத்திற்கே ஒரு கடிகாரம் செய்தளித்தார். அதில் ஒரு முள் ஊசலால் இயங்கியது. மற்றொரு முள் நிலையத்தின் மின்சாரத்தால் இயங்கியது. இரு முட்களும் சேர்ந்தே செல்லுமாறு மின்னாக்கிகளின் வேகத்தைச் சரிசெய்துவந்தால் போதும். நகரத்தின் கடிகாரங்கள் அனைத்தும் சரியாக ஓடும். 1916 அக்டோபரில் பாஸ்டன் நகரின் மின் நிலையத்தில் அக்கடிகாரம் இயங்கத் தொடங்கியது. கடிகாரம் விற்பதற்காக ஒருவர் மின்சாரத்தையே சீர்செய்த கதை இது.

இந்தியாவில் இக்கடிகாரங்களைச் சேகரிப்போர் அறியவேண்டிய முதன்மையான செய்தியும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வாரனின் 'டெலிகிரான்' கடிகாரமோ, இசைக்கருவியால் பெயர்பெற்ற லாரன்ஸ் ஹாமண்டின் கடிகாரமோ அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால், அதனை நேரே நம் சுவரில் செருகுவது கம்பிச்சுருளை எரித்துவிடும். 'மின்மாற்றி வைத்தால் ஓடும்' என்று விற்பவர் கூறுவார். ஓடும், ஆயின் மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60-க்காகச் செய்த கடிகாரம் 50-இல் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடமே நகரும். ஒரு நாளில் நான்கு மணி நேரம் பின்தங்கும். அதற்குரிய அதிர்வெண் மாற்றிக் கருவி தனியே தேவை. அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். பிரித்தானியாவின் 'ஸ்மித்ஸ் செக்ட்ரிக்' போன்ற கடிகாரங்கள் 200 முதல் 250 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றிற்கு இத்தொல்லை இல்லை.

நம் மின்கட்டமைப்பில் அக்கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடும்? கணக்கு எளியது. அதிர்வெண் 50-க்குப் பதிலாக நாள் முழுதும் 49.90 ஆக நின்றால் கடிகாரம் ஒரு நாளில் ஏறத்தாழ 173 வினாடி பின்தங்கும், 50.05 ஆக நின்றால் 86 வினாடி முந்தும். இவ்விரு எண்களும் நம் மின்கட்டமைப்பு விதிகள் வகுத்துள்ள இயக்க எல்லைகளாகும். ஏற்றமும் இறக்கமும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்வதால் உண்மைப் பிழை குறைவாகவே அமையலாம். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டமைப்பு ஏனைய மண்டலங்களோடு இணைக்கப்பட்டபின், நாட்டின் பெருநிலப்பரப்பு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஆதலால் மதுரையில் ஓடும் ஒத்தியங்கு கடிகாரமும் டில்லியில் ஓடும் ஒத்தியங்கு கடிகாரமும் இன்று சேர்ந்தே முந்துகின்றன, சேர்ந்தே பின்தங்குகின்றன. வாரத்திற்கு ஒருமுறை முள்ளைத் திருத்திக்கொள்ளும் பொறுமை உடையவர்க்கு இது குறையன்று.

வாங்கும் முன் காணவேண்டியவை

மும்பையின் சோர் பஜார், கொல்கத்தா ரஸ்ஸல் தெருவின் ஏலக்கூடம், பெருநகரங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள் ஆகிய இடங்களில் இத்தகைய கடிகாரங்கள் கண்ணில் படுவதுண்டு. அங்கே நாம் முதலில் காணவேண்டியது முகப்பையன்று, முதுகை.

பின்தகட்டில் வோல்ட்டும் அதிர்வெண்ணும் பொறிக்கப்பட்டிருந்தால் அது மூன்றாம் குடும்பம். பழைய தகடுகள் பலவற்றில் அதிர்வெண்ணைக் குறிக்கச் சுழற்சி என்னும் பழைய அலகு காணப்படும். அதுவும் ஹெர்ட்ஸும் ஒன்றே. வோல்ட் எண் ஏதுமின்றி, இரண்டு மின்முனைகளும் ஒரு மின்காந்தமும், பற்களைத் தள்ளும் ஒரு சிறு நெம்பும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் துணைக் கடிகாரம். அதனை எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தில் இணைத்தல் கூடாது. அது குறைந்த வோல்ட்டில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. சோதிக்க விரும்பினால் முதலில் ஓரிரு 1.5 வோல்ட் மின்கலங்களை ஒரு நொடி தொட்டு எடுத்துப் பார்க்கலாம். நலமாக இருந்து அவ்வோல்ட் போதுமாயின் முள் 'டக்' என்று ஒரு படி நகரும். முதல் தொடுகையில் நகர்ந்து அடுத்ததில் நகராவிடில், மின்முனைகளை மாற்றித் தொட்டுப் பார்க்கவேண்டும். ஐரோப்பிய வகைகள் பல, துடிப்புக்குத் துடிப்பு மின்னோட்டத் திசை மாறினாலன்றி நகரா. தலைமைக் கடிகாரம் இன்றியும் இவற்றை ஓட்டலாம். குவார்ட்ஸ் துல்லியத்தோடு அரை நிமிடத்திற்கோ ஒரு நிமிடத்திற்கோ துடிப்புத் தரும் சிறு மின்சுற்று அதற்குப் போதுமானது. இதனால் கடிகாரத்தின் ஒரு திருகுகூட மாற்றப்படுவதில்லை.

ஊசல் உடையதாயின், ஊசலைத் தாங்கும் மெல்லிய தகட்டு வில்லை நோக்குக. ஊசலைக் கழற்றாமல் எடுத்துச்செல்வதால் முதலில் முறிவது அதுவே. இரயிலிலோ காரிலோ கொண்டுவருமுன் ஊசலைத் தனியே கழற்றிப் பொதிந்துகொள்ளுதல் நன்று. துத்தநாகக் கலவை வார்ப்புகளில் வெடிப்பும் வீக்கமும் தெரிந்தால் விலகிவிடுதல் நன்று. உலோகமே உள்ளிருந்து சிதைந்துவரும் அக்குறைக்கு மருந்தில்லை.

செப்பனிடும் ஒழுங்கு

செப்பனிடுதலின் முதல் விதி, முதலில் மின்சாரம் தராமை. 'ஓடுகிறதா பார்ப்போம்' என்னும் ஆவலே பல கடிகாரங்களின் இறுதி நிமிடமாகியுள்ளது.

ஒவ்வொரு படியிலும் நிழற்படம் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைத் திறக்கவேண்டும். பழைய இரப்பர் மின்காப்பு தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். அத்தகைய கம்பியை அகற்றி, அதனை எறிந்துவிடாமல் உறையிலிட்டுக் காத்து, புதிய மூன்றிழைக் கம்பியைப் பொருத்தவேண்டும். மூன்றாவது இழை உலோகச் சட்டத்தோடு இணைந்து நிலத்தொடர்பு தரவேண்டும். இக்கடிகாரங்கள் சில வாட் மின்சாரமே கொள்வன. ஆதலால் மிகச் சிறிய அளவுடைய ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்தல் நலம். கம்பிச்சுருளுக்கும் சட்டத்திற்கும் இடையே மின்கசிவு உள்ளதா என்பதை மின்பணியாளரின் 'மெக்கர்' கருவி காட்டிவிடும். இவ்வேலையில் பழக்கமில்லாதோர் உரிமம் பெற்ற மின்பணியாளரின் துணையோடன்றிச் செய்தல் ஆகாது.

மல்டிமீட்டரில் கம்பிச்சுருள் அறுந்ததாகக் காட்டினால் உடனே மனந்தளர வேண்டுவதில்லை. மழைக்கால ஈரத்தில் களிம்பேறி முறிவது பெரும்பாலும் சுருளின் வெளிமுனையே. பொறுமையோடு மேற்சுற்றை விலக்கி, முனையைக் கண்டு பற்றவைத்தால் சுருள் மீண்டும் உயிர்பெறும்.

மின்கலக் கடிகாரங்களில் நோய் பெரும்பாலும் தொடுமுனையில் இருக்கும். வெள்ளியாலான அம்முனைகளை உப்புத்தாளால் தேய்த்தல் தவறு. ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடையே இழுத்தெடுத்தால் கறை நீங்கும். புல் கடிகாரத்திற்கு ஒற்றை 1.5 வோல்ட் மின்கலமே அளவு. 9 வோல்ட் தந்தால் ஊசல் மிகையாக வீசி நேரம் கெடும். பழைய மின்கலம் உள்ளேயே கசிந்து உறைந்திருந்தால் அதனை முதலில் அகற்றவேண்டும்.

எண்ணெயில் சிக்கனம் வேண்டும். கடிகாரத்திற்குரிய எண்ணெயை அச்சு முனைகளுக்கு மட்டும் ஊசிநுனி அளவில் இடுக. பற்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் கூடாது; அது தூசியைப் பிடித்து அரைக்கும் களிம்பாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதற்கு ஏற்றவையல்ல.

முகப்பில் கைவைக்குமுன் இருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். வெள்ளிபோல் ஒளிரும் பித்தளை முகப்புகளில் வெள்ளிப்பூச்சு மிக மெல்லியது. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியிட்டோ பாலிஷ் இட்டோ துலக்கினால், சில நிமிடங்களில் வெள்ளியும் போகும், எழுத்தும் போகும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் சிறந்த செப்பனிடுதல்.

இருளில் ஒளிரும்படி எண்களும் முட்களும் தீட்டப்பட்ட பழைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கக்கூடும். இன்று அது ஒளிரவில்லை என்பதால் ரேடியம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளுதல் பெரும்பிழை. தீர்ந்தது ஒளிதரும் பொருளே. ரேடியத்தின் அரையாயுட்காலமோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அத்தகைய முகப்பின் கண்ணாடியைத் திறப்பதும், பூச்சைச் சுரண்டுவதும், அதன் தூசியை முகர்வதும் கூடா. குழந்தைகளின் அறையில் அதனை வைத்தலும் வேண்டா.

இனி, குவார்ட்ஸ் இயந்திரத்தைப் பற்றி. கடைக்காரர் சில நூறு ரூபாயில் அதனைப் பொருத்தித் தருவார். கடிகாரம் மிகத் துல்லியமாகவும் ஓடும். ஆனால், சுவரில் எஞ்சுவது கடிகாரத்தின் உடை மட்டுமே. தவிர்க்கவே முடியாதெனில், முகப்பில் புதுத் துளை இடாமலும், பழைய இயந்திரத்தின் உறுப்பு ஒன்றையும் இழக்காமலும் செய்யச் சொல்லி, அதனைக் கேட்டுப் பெற்றுக் காத்து வைக்கவேண்டும். பின்வரும் தலைமுறையில் ஒருவர் அதனை மீண்டும் பொருத்த விரும்பலாம்.

ஆவணமும் சட்டமும்

தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972, நூறாண்டு கடந்த, அறிவியலையோ கைத்திறனையோ விளக்கும் பொருள்களையும் தன் வரையறைக்குள் கொள்கிறது. அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. முதல் உலகப்போருக்கு முற்பட்ட மின் கடிகாரங்கள் அவ்வயதை எட்டிவிட்டன. 1920-களைச் சேர்ந்தவை ஒவ்வொன்றாக எட்டிவருகின்றன. அயல்நாட்டில் வாழும் மகனுக்கோ மகளுக்கோ தாத்தாவின் கடிகாரத்தை அனுப்ப விரும்புவோர், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னரே பெறுதல் வேண்டும்.

வாங்கும்போது ரசீது பெறுதல், நிழற்படங்களோடு ஒரு குறிப்பேடு பேணுதல், இல்லக் காப்பீட்டில் இதனைத் தனியே சேர்க்க இயலுமா எனக் கேட்டறிதல் ஆகியவை சிறு உழைப்பில் பெரும்பயன் தருவன. இணையவழி விற்பவர் பொருளைக் காட்டாமலே முன்பணம் கேட்டால் ஒதுங்கிவிடுதல் நலம். இக்கடிகாரங்களுக்கு நிலையான சந்தை விலை என்று ஒன்றில்லை. ஆதலால் இதனை முதலீடாகக் கருதுவதும், கடன் பெற்று வாங்குவதும் அறிவுடைமை ஆகா. வீட்டுச் செலவும் சேமிப்பும் போக எஞ்சும் தொகையில் செய்யத்தக்க இன்பம் இது.

புதிதாகத் தொடங்குவோர் ஒரு துணைக் கடிகாரத்தையோ ஆதோ கடிகாரத்தையோ முதலில் தேடுதல் நன்று. மின்கலத்தில் ஓடும் அவற்றில் கைப்பிழை நேர்ந்தாலும் உயிருக்கு ஊறு இல்லை.

மின்தடை நேர்ந்து மின்சாரம் திரும்பும்போது பழைய ஒத்தியங்கு கடிகாரங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஹாமண்டின் தொடக்கக்காலக் கடிகாரம் தானாக எழுந்து ஓடாது. பின்புறக் குமிழை ஒருவர் கையால் சுழற்றிவிடவேண்டும். அதுவரை அது நின்றபடியே நிற்கும். வாரனின் கடிகாரம் தானே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, இடையில் நின்றுவிட்டதைத் தெரிவிக்கும். உரியவர் நேரத்தைத் திருத்தி அப்புள்ளியை மறைக்கும்வரை அது அங்கேயே இருக்கும். செப்பனிடும் நம் கைகளுக்கும் அந்நேர்மை தகும். எதை மாற்றினோம், எதை விட்டுவைத்தோம் என்பதைச் சிறு சீட்டில் எழுதி, நாள் குறித்து, கடிகாரப் பெட்டியின் உட்புறம் வைத்துவிடுவோம். அடுத்து அதனைத் திறப்பவருக்கு அது உதவும்.